சங்கிலியம்மாளின் இடது கை

கிட்னி போனதுகூடச் சங்கிலியம்மாளுக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்குத் தட்டு வருவது நின்றுபோனதுதான் பெரிதாகப் பட்டது.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் நாலு வீட்டுக்குக் கிண்ணம் போகும். பணியாரம் சுட்டால் தட்டு போகும். போன தட்டு வெறுந்தட்டாகத் திரும்பாது. ஒரு பிடி அவரைக்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த முப்பது வருசத்தில் சங்கிலியம்மாள் வாங்கின தட்டும் கொடுத்த தட்டும் எண்ணி மாளாது. தேனி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் கொடுத்தார்கள். தேங்காய் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட வேண்டும், உப்பு அரை, ஊறுகாய் கிட்டத்திலேயே வரக்கூடாது என்று. தெருவே பயந்துபோனது. எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

“உனக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியலத்தா. நான் பாட்டுக்கு ஆசையில ஒண்ணக் குடுத்து, உனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, அந்தப் பழிய நான் எங்கன கொண்டுபோய்க் கழுவ?”

நல்ல மனசோடு சொன்ன சொல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தெருவுக்கே நல்ல மனசு வந்துவிட்டால் ஒரு மனுசி பட்டினி கிடக்க வேண்டியதுதான். சோற்றுக்கு இல்லை, மற்றதற்கு.

ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல். பன்னீர்த் திராட்சை கறுத்துக் குலைகுலையாகத் தொங்குகிறது; அதில் ஒரு பழம் வாயில் போடக்கூடாது. தண்ணீரும் அளவு. நாளைக்கு முக்கால் லிட்டர். காலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வைத்து, அதை ராத்திரி வரைக்கும் இழுத்துப் பறித்து ஓட்ட வேண்டும். வீட்டுக்காரர் பிச்சைமணி நாலு வருசத்துக்கு முன்னால் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரே மகள். அவளுக்குச் சிம்ரன் என்று பேர் வைத்தது அவர்தான். அன்றைக்கு ஊரே சிரித்தது, இவளும் சேர்ந்து சிரித்தாள். சிம்ரன் இப்போது திருப்பூரில் புருசனும் தானுமாகப் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும்.

“சாப்பிட்டியாம்மா? தண்ணி அளவாக் குடிச்சியா? கழுத்து டியூப் நனையாமக் குளிச்சியா?”

மூன்றுக்கும் ஆமாம் என்றால் பேச்சு முடிந்தது. பிள்ளையைச் சொல்லி என்ன செய்ய, அது பாடே அதுக்குப் பெரும்பாடு.

அந்தக் கழுத்து டியூப்தான் இப்போதைக்கு அவள் உயிர். செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குப் போய் நாலு மணி நேரம் படுத்தால், அதன் வழியாக ரத்தத்தை எடுத்து மிஷினில் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அது நம்பிக்கையான வழி இல்லை. வைகாசியில் ஒருமுறை சீழ் பிடித்துக் குளிர்காய்ச்சல் வந்து, பத்து நாள் படுக்கையில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் இடது மணிக்கட்டில் ஆபரேசன் செய்தார்கள். டயாலிசிஸ் போடுகிற டெக்னீசியன் காமராஜ் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்தான்.

“நாடி துடிக்கிற குழாயையும், மேல பச்சையாத் தெரியிற நரம்பையும் சேத்துத் தச்சிருக்காகக்கா. வேகமான ரத்தம் இப்ப நரம்புக்குள்ள பாயும். பாயப் பாய நரம்பு தடிக்கும். ரெண்டு மாசத்துல வெரல் தண்டி ஆகிருச்சுன்னா, அதுலயே ஊசி குத்தி மிஷின்ல மாட்டிரலாம். கழுத்து டியூபைக் கழட்டி எறிஞ்சிரலாம்.”

“தடிக்கலைன்னா?”

“வலது கையில பாக்கணும். அங்கன நரம்பு சன்னம்னு சர்ஜன் முதல்லயே சொல்லிட்டாரு.” காமராஜ் குரலைத் தாழ்த்தினான். “கழுத்துல இன்னொரு தடவ சீழ் பிடிச்சா ரத்தத்துல ஏறிரும்க்கா. அப்புறம் நம்ம கையில இல்ல. இருக்கிறது இந்த ஒரு கைதான்னு வச்சுக்கங்க.”

வளையல் ஆகாது, வாட்ச் ஆகாது, கறுப்புக் கயிறு ஆகாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து நாளைக்கு நாலு தரம் அமுக்கி அமுக்கி விடச் சொன்னார்கள். காலையிலும் மாலையிலும் தையல் போட்ட இடத்துக்கு மேலே விரலை வைத்துப் பார்க்க வேண்டும், உள்ளே ஓடுகிற அதிர்வு தெரிய வேண்டும். சங்கிலியம்மாள் அன்றைக்கே வளையலைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். மாரியம்மன் கோயில் கயிற்றையும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு அவிழ்த்தாள். விரலை வைத்தால் கிரைண்டர் ஓடும்போது அதன் மேல் கை வைத்த மாதிரி குறுகுறுவென்று இருந்தது. வீட்டில் தன்னைத் தவிர ஓடுகிற சாமான் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிர்வு மட்டும் போதாது, உள்ளே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று ஸ்கேனில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு டாக்டர் மெர்லின் இருந்தார். இராயப்பன்பட்டிக்காரர், முப்பது வயசுப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. ஸ்கேன் அறையில் விளக்கை மங்கலாக்கி, சங்கிலியம்மாளின் கையை ஒரு மடித்த துண்டின் மேல் எடுத்து வைத்து, ஜில்லென்று களிம்பைத் தடவி, உள்ளங்கையைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்தக் கருவியை நரம்பு மேல் நடத்துவார். அரை மணி நேரம் பிடிக்கும். பிச்சைமணி போனபிறகு சங்கிலியம்மாளின் கையை அவ்வளவு நேரம் யாரும் பிடித்ததில்லை. ஊசி குத்தப் பிடித்தார்கள், பிரஷர் பார்க்கப் பிடித்தார்கள். அதெல்லாம் பிடிப்பில் சேராது.

ஆபரேசனுக்கு மறுநாள் பார்த்தபோது நிமிசத்துக்கு இருநூற்றுப் பத்து மில்லி. ரெண்டாவது வாரம் நானூற்று முப்பது. திரையில் சிவப்பும் நீலமுமாகக் கலங்கி ஓடியது. டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டினதும் அறை முழுக்கச் சத்தம், ஆடிக் காற்று கதவிடுக்கில் நுழைகிற மாதிரி, விட்டுவிட்டு, உஸ்ஸ், உஸ்ஸ் என்று.

“என்னம்மா அது?”

“உங்க ரத்தம்தாம்மா. நல்லா ஓடுது. இன்னும் கொஞ்சம், அறுநூறத் தொட்டுட்டா கை ரெடி.”

“எனக்கு நாளைக்கே முக்கால் லிட்டர்தான் குடின்னு சொன்னீக. இந்தக் கை மட்டும் நிமிசத்துக்கு அரை லிட்டரக் குடிக்குதே, இத யாரும் கேக்க மாட்டீகளா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தான் சொன்னதுக்கு ஒருத்தர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சங்கிலியம்மாள் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தாள். சின்னமனூர் தாண்டியும் யோசனைக்கு எட்டவில்லை.

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும்.

கிட்னி போகும் முன்னால் இருபத்திரண்டு வருசம் அவள் மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனவள். விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப்பு வரும். ஒன்பது பேர் உட்காருகிற வண்டியில் பதினாலு பொம்பளைகள். அதில் உட்காருவது என்பது தனி வித்தை. ஒருத்தி முழங்காலுக்குள் இன்னொருத்தி முழங்காலைக் கொடுத்து, சாப்பாட்டுத் தூக்கைத் தொடையில் இடுக்கி, மடியில் பாதியைப் பக்கத்துக்காரிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வண்டி கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாகச் சரியும், மறு பக்கமாகச் சரியும். மாமியார் கதை, மருமகள் கதை, எவன் வீட்டில் எவன் சுவரேறிக் குதித்தான் என்கிற கதை எல்லாம் கேரள எல்லைச் செக்போஸ்ட் வருவதற்குள் முடிந்துவிடும். அங்கே ஒரு வழக்கமும் உண்டு. மலையில் சாரலுக்கு ரத்தம் உறிஞ்சுகிற அட்டை பொங்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, முழுக்கையை இறக்கிவிட்டு, அட்டை உள்ளே ஏறாமல் மணிக்கட்டில் சைக்கிள் டியூபை அறுத்த ரப்பர்ப் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். தன் கைக்குத் தானே கட்ட வராது, ஒரு கைதானே மிச்சம். அதனால் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கிற பத்து நிமிசத்தில் ஒருத்தி கையை ஒருத்தி மடியில் வாங்கிக் கட்டிவிடுவாள். சங்கிலியம்மாளுக்கு என்றைக்கும் கட்டுவது ஜக்கம்மா. அறுபதை நெருங்கினவள், அந்த ஜீப்புக்கு ஆள் சேர்ப்பதும் ஆட்களை அதட்டுவதும் அவள்தான்.

நானூற்று முப்பது வந்த வாரம் ஜக்கம்மாவைக் கடைத்தெருவில் பார்த்ததும் சங்கிலியம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, நானும் வாறேன். டயாலிசிஸ் இல்லாத நாளைக்கு.”

“ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கழுத்துல குழாயத் தொங்க விட்டுக்கிட்டு மலைக்கு வாறாளாம்.”

“டாக்டரே சொன்னாகக்கா. கைக்கு வேலை குடுத்தாத்தான் நரம்பு தடிக்குமாம். பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்லியிருக்காக. பந்தை அமுக்குனா என்ன, காயைப் பறிச்சா என்ன? ரெண்டும் வெரல் வேலைதான?”

பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் அவளே அதை நம்பினாள். குடம் தூக்கக்கூடாது என்றார்கள், சரி. மூட்டை தூக்க மாட்டாள். வளையல் கயிறு ஆகாது என்றார்கள், அதைத்தான் கழற்றியாயிற்றே. சட்டைக்கு மேலே கட்டுகிற பட்டை அவள் புத்திக்குக் கயிறாகவே படவில்லை. கொசுவம் சொருகுவதை யாராவது கட்டு என்று சொல்வார்களா? அந்த மாதிரி அது.

திங்கள், புதன், சனி போனாள். கூலிக்குப் போனாள் என்று ஊர் பேசியது. அவள் பறிப்பது கூலிக்குக் காணாது. ஏலச்செடித் தட்டைக்குக் கீழே குத்தவைத்து, தரையோடு படர்ந்த காய்ச்சரத்தில் முற்றின காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். பத்துச் சரம் முடிவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். ஜக்கம்மா யாருக்கும் தெரியாமல் தன் பையிலிருந்து ரெண்டு கை அள்ளி இவள் பையில் போட்டுவிட்டு, “சூப்பர்வைசர் வாறான், முகத்தத் தொங்கப் போடாத,” என்பாள். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தால் இவளுடைய உப்பில்லாத சோற்றைப் பார்த்து, “என்னடி இது, சோத்துக்கே சீக்கு வந்த மாதிரி இருக்கு,” என்று கேலி பண்ணுவார்கள். தட்டை வாசலோடு நிறுத்தின தெருவைவிட இந்தக் கேலி எவ்வளவோ மேல் என்று சங்கிலியம்மாளுக்கு இருந்தது. ராத்திரி உடம்பு அடித்துப் போட்டது போலக் கிடக்கும், ஆனால் தூக்கம் வந்தது.

நாலாவது வாரம் ஸ்கேனுக்குப் போனாள். டாக்டர் மெர்லின் ஒருமுறை அளந்தார். களிம்பைத் துடைத்துவிட்டு மறுபடி தடவி அளந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“இருநூத்தி அறுபதும்மா. பாதிக்குப் பக்கமா இறங்கிருக்கு.”

“மிஷின் சரியாப் பாக்குதாம்மா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். மணிக்கட்டுக்கு மேல ஒரு இடத்துல நரம்பு சுருங்கியிருக்கு. கையில ஏதாச்சும் கட்டுறீங்களா? வாட்ச், வளையல், கயிறு?”

“அய்யோ இல்லம்மா. எல்லாத்தையும் அன்னைக்கே கழட்டிட்டேன்.”

“கைய மடிச்சு வச்சுத் தூங்குறீங்களா?”

“இல்லம்மா.”

டாக்டர் பொத்தானைத் தட்டிச் சத்தத்தை வைத்தார். போன முறை அறையை நிறைத்த சத்தம் இப்போது மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி இழுத்தது. “இங்க பாருங்கம்மா, லேசா ஒரு அமுக்கம் பட்டாலும் என்ன ஆகும்னு காட்டுறேன்,” என்று தன் ஒற்றை விரலை மணிக்கட்டுக்கு மேலே, எலும்பு புடைத்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். சத்தம் பட்டென்று நின்றது. திரையில் சிவப்பு அணைந்தது. விரலை எடுத்தார், மெல்லத் திரும்பி வந்தது.

விரல் வைத்த இடத்தைச் சங்கிலியம்மாள் பார்த்தாள். ரப்பர்ப் பட்டை உட்காருகிற அதே இடம். 

“இப்படியே இறங்குனா உள்ள ரத்தம் உறைஞ்சிரும்மா. உறைஞ்சா இந்தக் கை போச்சு. ரெண்டு வாரம் பாப்போம். கூடலைன்னா மதுரைக்குப் போய் உள்ள பலூன் விட்டு விரிக்கணும். அதுவும் நிக்கும்னு சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, வேற ஏதும் வேலை கீலை செய்றீங்களா?”

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஜீப்பு போச்சு. “வீட்லதாம்மா இருக்கேன், எனக்கென்ன வேலை,” என்றாள். மனுசப் பிறவி எப்படிப்பட்டது பாருங்கள், உயிர் போகிற காரியம் என்று தெரிந்தும் வாய் பொய்யைத்தான் எடுத்துப் போடுகிறது.

மறுநாள் புதன்கிழமை. வீட்டில் இருந்துவிட வேண்டும் என்றுதான் படுத்தாள். ஐந்தரைக்கு ஹாரன் அடித்தது. உள்ளே யாரோ, “ஏய் சங்கிலி, என்ன மாப்பிள்ளை விடலையா?” என்று கத்த, வண்டியே சிரித்தது. தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதானே.

செக்போஸ்ட்டில் ஜக்கம்மா கையை நீட்டினாள். “கொண்டா.”

“இன்னைக்கு வேண்டாம்க்கா.”

“ஏன்?”

“சும்மாத்தான். இறுக்குது.”

“இறுக்கத்தான்டி கட்டுறது. நேத்து மழை. அட்டை கொத்துக் கொத்தா நிக்கும். உனக்கு ரத்தம் இருக்கிற லட்சணத்துக்கு அட்டைக்கு வேற படைக்கப் போறியா?”

“லேசாக் கட்டுக்கா.”

“லேசாக் கட்டுறதுக்கு நான் என்ன பூவா வச்சுவிடுறேன்?” என்று ஜக்கம்மா கையை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். அந்த மடி சூடாக இருந்தது. வெளியே மூடுபனி, வண்டிக்குள் பதினாலு பேர் மூச்சு. சங்கிலியம்மாள் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, புறங்கையில் தட்டிக்கொடுத்தாள் ஜக்கம்மா.

பத்து மணி இருக்கும். சாரல் விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் தட்டைக்கு அடியில் உட்கார்ந்து, பட்டைக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விரலை நகர்த்தி வைத்தாள். ஒன்றுமில்லை. முழங்கை வரைக்கும் தேடினாள், குறுகுறுப்பே இல்லை. கை வெறும் கையாகக் கிடந்தது.

“அக்கா!”

அவள் போட்ட சத்தத்தில் மூன்று வரிசை தள்ளி நின்றவர்களும் நிமிர்ந்தார்கள். ஜக்கம்மா பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தாள். சங்கிலியம்மாள் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. ஜக்கம்மா பாக்குச் சீவுகிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து அறுத்தாள்.

“என்னடி? என்ன கடிச்சது?”

“ஓடலக்கா. கைக்குள்ள ஓடுறது நின்னுபோச்சு.”

கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிசம் ஆயிற்று, ரெண்டு நிமிசம் ஆயிற்று. பிறகு எங்கோ ஆழத்தில் ஈ பறக்கிற மாதிரி ஒரு சின்ன அசைவு. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் கேட்டது, தான் மறைத்தது, விரலை வைத்ததும் சத்தம் அணைந்தது, எல்லாம்.

ஜக்கம்மா கத்தியை மடக்காமல் நின்றாள். முகம் கறுத்துவிட்டது.

“நேத்தே தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சும் காலையில கைய எங்கிட்ட நீட்டுன.”

“நீ இழுத்தக்கா.”

“நான் இழுத்தா? உனக்கு வாய் இல்லையாடி? இத்தன நாளா ஊர்க்கதை பேசுன வாய் எங்கடி போச்சு? அக்கா, இது கட்டுனா நான் செத்துருவேன்னு ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?”

“சொன்னா வண்டியில ஏத்த மாட்ட.”

“ஏத்த மாட்டேன்தான்.”

“அதான் சொல்லல.”

 ஜக்கம்மா தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். ஏலக்காயின் பால் பிடித்துக் கறுத்த விரல்கள்.

“நாலு பிள்ளையப் பெத்து வளத்த கைடி இது. எம் புருசன் கண்ண மூடிவிட்ட கை. இந்தக் கையாலயே உன்னையக் கொல்ல வச்சிருப்பியே, பாவி! உனக்கு நான் என்னடி கேடு செஞ்சேன்? என்னமோ போயிருச்சுன்னா, ஆயுசுக்கும் நான் எந்தச் சாமிகிட்டப் போய் நிக்க?”

“ஒண்டியாக் கெடக்க முடியலக்கா,” என்றாள் சங்கிலியம்மாள்.

ஜக்கம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். தோட்டத்து வண்டி சாக்கு ஏற்றிக் கம்பத்துக்கு இறங்க இருந்தது. அதில் இவளை ஏற்றிவிட்டு, மலையாளத்து டிரைவர் சேட்டனிடம் மெதுவாக ஓட்டச் சொன்னாள். கூட வரவில்லை. வண்டி திரும்பும்வரை நிற்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சங்கிலியம்மாள் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னாள். டாக்டர் மெர்லினுக்குக் கோபம் வந்தது. “கழுத்துல டியூபோட மழையில வேர்வையில! காசுக்கா போனீங்க? கேட்டிருந்தா ஏதாச்சும் உதவிக்கு வழி பாத்திருப்பேன்ல?”

“காசுக்கு இல்லம்மா. பேச்சுக்கு.”

 அதற்கு டாக்டர் படித்த படிப்பில் சீட்டு எழுத இடமில்லை. களிம்பைத் தடவினார். இருநூற்று எண்பது இருந்தது.

“உறையல. தப்பிச்சீங்க. இனிமே ஒரு நூல் படக்கூடாது.”

படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஜீப்பு அவள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டு, மேலத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. ஜக்கம்மா போட்ட உத்தரவு. ஐந்தரைக்கு ஹாரன் மட்டும் தூரத்தில் கேட்கும். சங்கிலியம்மாள் எழுந்து உட்கார்ந்து பந்தை அமுக்குவாள். காலையில் நூறு, மத்தியானம் நூறு, அந்தியில் நூறு, படுக்கும் முன்னால் நூறு. எண்ணுவதை வாய்விட்டு எண்ணுவாள், வீட்டில் ஒரு மனுசச் சத்தம் கேட்கட்டும் என்று. பாண்டியம்மாள் எதிர்வீட்டிலிருந்து, “என்னத்தா, மந்திரமா சொல்ற?” என்று கேட்டாள். “ஆமா,” என்றாள் இவள். ஆடி போய் ஆவணி வந்தது. பந்தலில் கவாத்து வெட்டிக் குச்சியாக நின்ற கொடியெல்லாம் துளிர் விட்டன. சிம்ரனின் மூன்று கேள்விக்கும் ஆமாம் சொன்னாள். கையில் நரம்பு மண்புழு தண்டி ஆகி, பேனா தண்டி ஆகி, தோலைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

எட்டாவது வாரம் ஸ்கேன். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“அறுநூத்திப் பத்தும்மா! கை ரெடி. அடுத்த செவ்வாய் இதுலயே ஊசி. நல்லா ஓடிருச்சுன்னா கழுத்து டியூபை எடுத்துரலாம்.”

சங்கிலியம்மாள் கும்பிட வலது கையைத் தூக்கினாள். இடது கை டாக்டரின் பிடியில் இருந்தது.

“அடுத்த ஸ்கேன் எப்பம்மா?”

“இனி ஸ்கேன் வேண்டாம்மா. ஊசி போடுறப்பெல்லாம் காமராஜே பாத்துக்குவாரு. ஏதும் பிரச்சனைன்னா மட்டும் வாங்க. வராம இருந்தாத்தான் நல்லது.” களிம்பைத் துடைத்து, கையை அவள் மடியில் திருப்பி வைத்தார். சங்கிலியம்மாள் அழுதாள். டாக்டர் சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். சந்தோசமும் இருந்ததுதான், இல்லாமல் இல்லை.

வெளியே வந்து சிம்ரனுக்குப் போன் போட்டாள். மிஷின்கள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே, “நல்லதும்மா! ரொம்பச் சந்தோசம்மா! சூப்பர்வைசர் நிக்கிறாரு, ஏழு மணிக்குப் பேசுறேன்,” என்று வைத்துவிட்டாள். அறுநூற்றுப் பத்து என்று சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. அந்த நம்பரை வாயிலேயே வைத்துக்கொண்டு வீரபாண்டி தாண்டினாள், உத்தமபாளையம் தாண்டினாள். கம்பத்தில் இறங்கினவள் ஊர் பஸ்ஸுக்குப் போகாமல், மெட்டு ரோடு ஊருக்குள் நுழைகிற முக்கில் போய் நின்றாள். மணி ஐந்து. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன.

பதினோராவது வண்டி அவர்களுடையது. சங்கிலியம்மாள் இடது கையை நீட்டி மறித்தாள். டிரைவர் விஜய்பாண்டி மிதித்த மிதியில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

“ஏய், நம்ம சங்கிலிடி!”

பின்கதவு திறந்து பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். ஏலவாசமும் ஈரச் சட்டையும் புகையிலையுமாக அவளை மொய்த்துக்கொண்டார்கள். “அறுநூத்திப் பத்து! ஊசி போடலாம்னு சொல்லிட்டாக!” என்று அவள் சொன்னாள். எது அறுநூறு, என்ன பத்து என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ஆளாளுக்குக் கையைத் தொட்டுப் பார்த்து, “ஆத்தாடி, உள்ள என்னமோ ஓடுதுடி!” என்று கூவினார்கள்.

ஜக்கம்மா மட்டும் இறங்கவில்லை. கதவோர இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலியம்மாள் கிட்டப் போய்க் கையை நீட்டினாள்.

“தொட்டுப் பாருக்கா.”

“மாட்டேன்.” ஜக்கம்மா ரெண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள். “என் கை ஆகாது.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. டாக்டரே சொல்லிட்டாக.”

“டாக்டரு சொல்லுவாக. மாட்டேன்டி.”

கைகளை இடுக்கினபடியே இருந்தவள், சட்டென்று குனிந்து, நீட்டின கையின் மேல் தன் காதை வைத்தாள். அப்படியே இருந்தாள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். விஜய்பாண்டி திரும்பிப் பார்த்து, “ஆத்தா, வண்டி மறிக்குது,” என்றான்.

“கேக்குதாக்கா?”

“பேசாத இரு.”

காதை எடுத்தபோது ஜக்கம்மாவின் கன்னம் நனைந்திருந்தது. “நல்லா இரைஞ்சுக்கிட்டு ஓடுது. பொழச்சு இருந்துக்குவ,” என்றாள்.

இறங்கினவர்கள் ஏறினார்கள். ஒருத்தி, “நீயும் ஏறுடி, ஊருக்குத்தான போறோம்,” என்று நகர்ந்து இடம் விட்டாள். சங்கிலியம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

“அவ பஸ்ஸுல வரட்டும்,” என்றாள் ஜக்கம்மா.

“ஏன்க்கா, இந்தா இருக்கிற ஊரு.”

“இன்னைக்கு ஏத்துனா நாளைக்குக் காலையில மேலத்தெருவுல வந்து நிப்பா. எனக்குத் தெரியும் அவளைய.” சங்கிலியம்மாளைப் பார்த்தாள். “நிப்பியா, மாட்டியா? நீயே சொல்லு.”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. நிற்பாள். ஐந்தரை என்ன, ஐந்து மணிக்கே போய் நிற்பாள். படியிலிருந்து காலை எடுத்தாள்.

“எடுறா வண்டிய,” என்றாள் ஜக்கம்மா.

ஜீப்பு போனது. கொஞ்ச தூரம் வரைக்கும் உள்ளேயிருந்து பேச்சும் சண்டையுமாகக் கேட்டது, பிறகு லாரி இரைச்சலில் அமுங்கிவிட்டது. சங்கிலியம்மாள் இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஊருக்குப் போகும் டவுன் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.